முறக்காதனின் படம்

எங்கள் தெருவில் தண்ணீர் கேன் போட்ட பையனை முறக்காதன் என்றுதான் கூப்பிடுவோம். அவ்வளவு பெரிய காது. கேனைத் தோளில் ஏற்றினால் காது மடங்கிவிடும். பாதிப் படியில் நின்று தோள் மாற்றிக்கொண்டு, "இந்தக் காதுக்கு இப்ப லீவுண்ணே" என்று கத்துவான். என் ஸ்டூடியோ இரண்டாவது மாடி. அவன் வந்தால் என் வேலை கெட்டது, வாய் ஓயாது. இப்போதும் படியில் காலடி கேட்டால் என் தலை தானாகத் திரும்புகிறது.

பட்டாளத்தில் சேர்ந்தான். முதல் லீவில் வந்து, என்னிடம் சீருடையில் ஒரு படம் எடுத்துக்கொண்டான். எல்லைக் காவலில் குண்டு பாய்ந்து போய்ச் சேர்ந்தபோது அவனுக்கு இருபத்திரண்டு வயது. படித்த பள்ளிக்கூடத்தில் அவன் படத்தை மாட்டுவதாக ஏற்பாடு. சீருடைப் படத்தையே பெரிதாக்கிச் சட்டம் போட்டேன்.

அவனுடைய அம்மா வந்து வெகுநேரம் பார்த்தார். "நல்லா இருக்கு தம்பி. யாரு இது?"

தூக்கிவாரிப்போட்டது. என் கைக்குச் சும்மா இருக்கத் தெரியாது. யார் படமானாலும் தழும்பை அழிப்பேன், நிறத்தைக் கூட்டுவேன், விடைத்த காதைத் தலையோடு ஒட்டவைப்பேன். திருத்தியதும் பழையதை அழித்துவிடுவேன். பள்ளி அடையாள அட்டை முதல் அவன் படமெல்லாம் நான் எடுத்ததுதான். அவன் போனும் அவனோடு போய்விட்டது. அவன் முகத்தை உலகத்திலேயே இல்லாமல் செய்துவிட்டேனே என்று என்னையே அறைந்துகொள்ளத் தோன்றியது.

"எங்கயாவது இருப்பான், தேடலாம்க்கா" என்று அந்த அக்காவைக் கணினி முன் உட்காரவைத்தேன். பழைய கல்யாணப் படங்களாகத் துழாவினோம். அவனுடைய பெரியப்பா மகள் கல்யாணத்தில் அகப்பட்டான். மணமக்களுக்குப் பின்னால், நாற்காலிகளை அடுக்கித் தூக்கிக்கொண்டு, வாயெல்லாம் பல்லாக. பின்னால் நிற்பவர்களை நான் திருத்துவதில்லை. யார் பார்க்கப்போகிறார்கள் என்ற அலட்சியம். விளக்கு வெளிச்சத்தில் இரண்டு காதும் சிவந்திருந்தன. அக்கா திரையிலேயே அவற்றைத் தடவினார். நான் அழுதுவிட்டேன்.

பெரிதாக்கியதும் படம் புள்ளி புள்ளியாக உடைந்தது. கை வைக்காமல் அப்படியே கொண்டுபோனோம். தலைமையாசிரியர் முகம் சுளித்தார்.

"என்னங்க இது? யூனிஃபார்மும் இல்ல, படமும் தெளிவா இல்ல. நல்லா எடுத்த படம் ஒண்ணு இருந்துச்சே?"

"எனக்கு இதுதான் சார் தெளிவாத் தெரியுது" என்றார் அக்கா. "அத மாட்டினீங்கன்னா, நான் யாரு பெத்த புள்ளைக்கோ நின்னு அழணும்."