மைக்செட்காரர் காதில் விழுந்தது

நாட்டை ஆளுகிற மன்றத்தில் வேலை என்று சொன்னதும் பெண் வீட்டார் எழுந்து நின்று வரவேற்றார்கள். மைக்கைப் போட்டு அணைக்கிற வேலை என்று தெரிந்ததும் மெதுவாக உட்கார்ந்துவிட்டார்கள். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர்தான் மைக்செட்காரர். பொதுக்கூட்டத்துக்கு ஒலிபெருக்கி கட்டுகிறவருக்கும் அதே பெயர்தான் என்று அவர் கோபித்துக்கொண்டதில்லை. அவன் சத்தத்தைக் கூட்டத் தெரிந்தவன், நான் நிறுத்தத் தெரிந்தவன் என்று தனக்குள் பெருமைப்பட்டுக்கொள்வார்.

அவைக்கு மேலே கண்ணாடி போட்ட சின்ன அறை அவருடையது. எதிரே ஒரு பலகை, அதில் இருக்கைக்கு ஒரு சுவிட்ச். உறுப்பினர் எழுந்தால் தட்டிவிட வேண்டும், மைக்கின் கழுத்தில் சிவப்பு விளக்கு எரியும். அவைத் தலைவர் கையிலிருக்கும் பேனாவை மேசைமேல் சாய்த்தால் அணைக்க வேண்டும். இதில் என்ன பெரிய வித்தை என்று கேட்கலாம். புதிதாக வருகிற ஆட்கள் பேனா சாய்ந்ததும் வெடுக்கென்று அறுத்துவிடுவார்கள். வார்த்தை பாதியில் முறியும், பேசியவர் துள்ளிக் குதிப்பார், அவை அமளிதுமளியாகும். மைக்செட்காரர் காத்திருப்பார். தொண்டை கிழியக் கத்துகிறவரும் நடுவில் மூச்சு வாங்கித்தானே ஆகவேண்டும்? அந்த மூச்சில் அணைப்பார். பேசியவருக்கே தானாக முடித்துக்கொண்டது போலிருக்கும். "உன் கை பட்டா வாயடைச்சதே தெரியறதில்லப்பா" என்று தலைவர் ஒருமுறை தோளில் தட்டிக்கொடுத்தார். அதை அவர் ரொம்ப நாள் மனசுக்குள் போட்டு மென்றுகொண்டிருந்தார்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். சுவிட்சை அணைத்தால் குரல் அவைக்கும் தொலைக்காட்சிக்கும்தான் போகாது. அவர் மாட்டியிருக்கும் ஹெட்போனுக்குப் போகும். மைக் சரியாக இருக்கிறதா என்று திறக்குமுன் கேட்டுப் பார்க்கச் செய்த ஏற்பாடு அது. ஒரு திருகைத் திருப்பினால் எந்த இருக்கையில் நடக்கும் பேச்சும் காதுக்கு வந்துவிடும். கொட்டாவி, குசுகுசுப்பு, மருமகன் மேல் புகார், சர்க்கரை வியாதிக்கு மருந்து, எல்லாம் அவர் காதோடு சரி. வேலைக்குச் சேர்ந்த அன்றே கையைத் தூக்கிச் சத்தியம் செய்யச் சொல்லியிருந்தார்கள், காதில் விழுவது அறை வாசலைத் தாண்டாது என்று. அவரும் தாண்டவிட்டதில்லை.

"ஊர் வம்பையெல்லாம் கேட்டுட்டு வந்து உம்முனு உக்காந்திருக்கீங்களே, உங்க வாய்க்கும் ஒரு சுவிட்ச் வெச்சுட்டாங்களா?" என்று மனைவி கேட்பாள். சிரித்து மழுப்பிவிடுவார்.

அந்த அவையில் பேசுவதெல்லாம் பெரிய பெரிய விஷயம் என்று வெளியே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பாதி நாள் குப்பை வண்டி வரவில்லை, பேருந்து நிற்காமல் போகிறது, தெருவிளக்கு பகலில் எரிந்து இருட்டினதும் தூங்கிவிடுகிறது, இதுதான். மைக்செட்காரர் ஆட்களைப் பெயரால் நினைப்பதில்லை, இருக்கை எண்ணால்தான். அன்றைக்கு எழுந்தவர் எழுபத்திரண்டு. பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்து அரசியலுக்கு வந்த அம்மாள். பதில் வரும்வரை எதிராளியை நிற்கவைக்கிற வகுப்பறைப் பழக்கம் இன்னும் அவரை விடவில்லை.

"கடைவீதி நடுவில் நிற்கும் தண்ணீர்த் தொட்டியைப் பற்றிக் கேட்கிறேன்" என்று அவர் ஆரம்பித்ததும் மைக்செட்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்தத் தொட்டியின் காலடியில்தான் அவர் மகள் தையல் கடை வைத்திருக்கிறாள்.

"தூணில் சிமென்ட் உதிர்கிறது, உள்ளே கம்பி தெரிகிறது. அடியில் வரிசையாகக் கடைகள். பிள்ளைகள் பள்ளி வண்டிக்கு நிற்பதும் அங்கேதான். இந்தத் தொட்டியைப் பற்றி அமைச்சரின் சொந்தத் துறைப் பொறியாளரே..."

பேனா சாய்ந்தது. எழுபத்திரண்டு மூச்சு வாங்கினார். மைக்செட்காரர் யோசிக்குமுன் விரல் தன் வேலையைச் செய்துவிட்டது.

"...பாதிக்கு மேல் நிரப்பினால் தூண் தாங்காது என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். ஐயா, கேட்கிறதா? பாதிக்கு மேல்..." என்று அம்மாள் பேசிக்கொண்டே போனது ஹெட்போனில் மட்டும் வந்தது. மைக்கை விரலால் டொக் டொக்கென்று தட்டிப் பார்த்த சத்தமும் மைக்செட்காரர் காதுக்குத்தான் வந்தது.

அடுத்து பதில் சொல்ல வேண்டியவர் மூன்றாம் இருக்கை, பொதுப்பணி அமைச்சர். மைக்கைத் திறக்குமுன் வழக்கம்போலத் திருகைத் திருப்பிக் கேட்டார். பின்னால் உட்கார்ந்திருந்த செயலாளர் அமைச்சரின் தோள்பக்கம் குனிந்திருந்தார்.

"சோதனை பண்ணியாச்சா?"

"இல்லைங்க ஐயா, ஆளே போகல. பண்ணியாச்சுன்னு சொல்லிடுங்க. கூட்டத்தொடர் முடியட்டும், பார்த்துக்கலாம்."

"விழுந்து கிழுந்து வெச்சா?"

"இத்தனை வருஷம் நின்னுது ஐயா."

"அப்ப சரி."

மைக்செட்காரர் சுவிட்சைத் தட்டினார், சிவப்பு விளக்கு எரிந்தது. "தொட்டியைச் சோதித்தாகிவிட்டது. இரும்புத் தூண் மாதிரி நிற்கிறது. யாரும் வீண் பீதி கிளப்ப வேண்டாம். மக்களுக்குத் தண்ணீர் பற்றவில்லை என்று புகார். நாளைக்கே விளிம்புவரை நிரப்பச் சொல்கிறேன், தொலைக்காட்சிக்காரர்கள் வந்து படம் பிடிக்கட்டும்" என்றார் அமைச்சர். மேசைகள் அதிர்ந்தன. குரல் கணீரென்று, ஒரு கரகரப்பு இல்லாமல் நாடு முழுக்கப் போயிற்று. மைக்செட்காரர் வேலையில் என்றைக்குக் குறை இருந்தது?

சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போகவில்லை, நேரே மகள் கடைக்குப் போனார். தொட்டியை இத்தனை நாள் அவர் அண்ணாந்துகூடப் பார்த்ததில்லை. வாடகை குறைவு, நிழல் உண்டு, பிழைக்கத் தெரிந்த பெண் என்று சந்தோஷப்பட்டதோடு சரி. இன்றைக்குப் பார்த்தார். நாலு தூணும் தோல் உரிந்து நின்றன. ஒரு தூண் மகளின் கடைக்குப் பின்சுவர் மாதிரியே ஒட்டிக்கொண்டிருந்தது.

பக்கத்துக் கடை இஸ்திரிக்காரர் அவரைப் பார்த்ததும் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "வாங்க ஐயா. அமைச்சர் பேசினதைக் கேட்டோம். இனிமே தண்ணி முழுசா வருமாம். என்ன தெளிவா கேட்டுது தெரியுமா? நீங்கதானே மைக்கு?"

மைக்செட்காரர் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனார். மகள் கழுத்தில் அளவு நாடாவோடு சட்டைக்குக் கழுத்துப்பட்டி வைத்துக்கொண்டிருந்தாள். மடித்து வைத்திருந்த துணிமேல் படிந்திருந்த வெள்ளைத் தூளை ஊதித் தள்ளிவிட்டு முக்காலியை நகர்த்திப் போட்டாள். அது சாக்பீஸ் தூள் இல்லை, தூணிலிருந்து உதிர்ந்தது என்று அவருக்குத் தெரிந்தது.

"நாளைக்குக் கடை திறக்காதேம்மா."

"ஏம்ப்பா?"

"சொன்னா கேளேன்."

"நாளைக்கு நாலு சட்டை குடுத்தாகணும். காரணம் சொல்லுங்க."

அவர் சுவரைப் பார்த்தார். அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். இந்த மனுஷன் ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசி அவள் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை. "உங்க காதுல என்னமோ விழுந்திருக்கு" என்றாள்.

சத்தியம் அந்த இடத்தில்தான் முதல்முறையாக வாசலைத் தாண்டியது. குரலை இறக்கி, காதும் காதும் வைத்தாற்போல எல்லாவற்றையும் சொன்னார். மகள் ஓடிக்கொண்டிருந்த தையல் மெஷின் சக்கரத்தை உள்ளங்கையால் நிறுத்தினாள்.

"இது எனக்கு மட்டும்தானா?"

"நீ என் பொண்ணும்மா."

"இஸ்திரி அண்ணனுக்கு யார் சொல்றது? சைக்கிள் கடை மாமாவுக்கு? காலைல இங்க நிக்கிற பிள்ளைங்களுக்கு?"

"நான் வெளில சொல்லக் கூடாது. வேலை போயிடும், பிடிச்சு உள்ள தள்ளினாலும் தள்ளுவாங்க. அமைச்சரே சொன்ன பிறகு என் பேச்சை யார் நம்புவா?"

"அப்ப நான் திறப்பேன். எல்லாருக்கும் சொல்லுங்க, அந்த நிமிஷமே மூடறேன். அவங்களை இங்க உக்கார வெச்சுட்டு நான் மட்டும் எந்த முகத்தோட பூட்டிட்டுப் போறது?" சொல்லிவிட்டு மறுபடி மிதியில் கால் வைத்தாள்.

அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. எல்லாம் அவள் அம்மா கொடுத்த செல்லம் என்று முணுமுணுத்தபடி வெளியே வந்தார். உண்மையில் அது கோபம் இல்லை, பயம். இஸ்திரிக்காரர் "போய்ட்டு வாங்க ஐயா" என்றபோது அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மறுநாள் ஒரு முடிவோடுதான் வேலைக்குப் போனார். எழுபத்திரண்டு இன்றைக்கும் எழுந்திருப்பார். பேனா சாயட்டும், பேனாவோடு தலைவரே சாயட்டும், மைக்கை அணைப்பதில்லை. அந்த அம்மாள் முழுதாகச் சொல்லி முடிக்கட்டும், நாடு கேட்கட்டும். சத்தியத்தை மீறாமலே காரியம் நடந்துவிடும் என்று ஒரு கணக்கு.

அவை கூடியதும் பார்த்தால் எழுபத்திரண்டாம் இருக்கை காலி. பேசவிடவில்லை என்று எதிர்ப்புத் தெரிவித்து இன்றைக்கு அவையையே புறக்கணித்துவிட்டாராம். திருகைத் திருப்பி வைத்துக் கேட்டார். ஆளில்லாத நாற்காலியின் இரைச்சல் மட்டும் வந்தது. கீழே தெருநாய்த் தொல்லை பற்றி விவாதம் சூடு பிடித்திருந்தது. ஒருவர் தன்னைக் கடித்த நாயின் நிறத்தை விவரித்தார். இன்னொருவர் அது எந்தக் கட்சிக்காரரின் வீட்டு நாய் என்று கேட்டார். அவை விழுந்து விழுந்து சிரித்தது.

மூன்றாம் இருக்கையைத் திருப்பினார்.

"மோட்டார் போட்டாச்சுங்க ஐயா. டீவிக்காரங்க வந்துட்டாங்க. வழியற வரைக்கும் நிறுத்தக் கூடாதுன்னு சொல்லியிருக்கேன்."

"அந்தப் பொறியாளர்?"

"லீவுல போயிட்டார்."

"நல்லதாப் போச்சு."

மகளைக் கூப்பிடலாம் என்றால் செல்போனை வாசல் காவலில் வாங்கி வைத்துவிடுவார்கள். மைக்செட்காரர் ஹெட்போனைக் கழற்றினார். அவை நடக்கும்போது அந்த நாற்காலியை விட்டு அவர் எழுந்ததே கிடையாது. எழுந்த வேகத்தில் முழங்கை பட்டதோ, வேண்டுமென்றே தட்டினாரோ, பலகையிலிருந்த சுவிட்செல்லாம் விழுந்து அவை முழுக்கச் சிவப்பு விளக்கு எரிந்தது. படியிறங்கி ஓடும்போது தாழ்வாரத்து ஒலிபெருக்கிகளில் ஏப்பமும் குறட்டையும் "சாப்பாடு எப்பய்யா விடுவாங்க" என்ற கேள்வியும் சந்தைக்கடை மாதிரி ஒலித்தன. "மேலே யார் இருக்கிறது?" என்று அவைத் தலைவர் கேட்பதும் கேட்டது. மேலே யாரும் இல்லை.

கடைவீதியில் ஒரே குதூகலம். தொட்டியின் பக்கவாட்டில் வழிகுழாய் ஒன்று உண்டு, தொட்டி நிறைந்தால் அதில் தண்ணீர் கொட்டும். அதைப் படம் பிடிக்கக் கேமராவை நிமிர்த்தி வைத்திருந்தார்கள். கீழே வாளியும் குடமும் வரிசை கட்டி நின்றன. மழலைப் பள்ளி விட்டு வந்த பிள்ளைகள் குழாயை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். மோட்டார் அறையிலிருந்து வந்த இரைச்சல் காதை அடைத்தது.

மைக்செட்காரர் வாயைத் திறந்தார். என்ன பேசினார் என்று அவருக்கே கேட்கவில்லை. ஊரார் குரலுக்கெல்லாம் சிவப்பு விளக்குப் போட்டவருக்குத் தன் குரலை எப்படித் திறப்பது என்று தெரியவில்லை. ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் ஏறி நின்று, அடிவயிற்றிலிருந்து கத்தினார்.

"இந்தத் தொட்டியை யாரும் சோதிக்கல. அமைச்சர் கேட்டாரு, இல்லன்னு சொன்னாங்க, என் காதால கேட்டேன். பாதிக்கு மேல போனா தாங்காது. எல்லாரும் எழுந்து வாங்க."

"என்ன ஐயா, நேத்து மைக்ல வேற மாதிரி கேட்டுதே?" என்றார் இஸ்திரிக்காரர்.

"மைக்ல வந்தது பொய். அதைப் போட்டது நான்."

யாரும் அசையவில்லை. தையல் கடையில் மெஷின் சத்தம் நின்றது. மகள் வெளியே வந்தாள். தைத்து வைத்த சட்டைகளை எடுக்கவில்லை, கதவை மட்டும் இழுத்துச் சாத்தினாள். இரண்டு பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு தெருமுனையைப் பார்த்து நடந்தாள். தாய்மார்கள் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மிச்சப் பிள்ளைகளை வாரி எடுத்தார்கள்.

சைக்கிள் கடைக்காரர் இன்னும் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார். "காலைலேருந்து ஓடுது. முன்ன மாதிரின்னா இந்நேரம் வழிஞ்சிருக்கணும்" என்றார் மெதுவாக. வழிகுழாய் காய்ந்து கிடந்தது. பிறகு கண்ணைத் தாழ்த்தித் தூணைப் பார்த்தார். பின்பக்கத் தூண் மேலிருந்து கீழ்வரை ஈரமாக இருந்தது. கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு நடந்தார். அதற்குப் பிறகு யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கேமராக்காரர்கள் கேமரா ஸ்டாண்டை மடக்கக்கூட நிற்கவில்லை. யாரோ மோட்டார் அறைக் கதவைத் தட்டினார்கள், உள்ளே இருந்த ஆளுக்கு அந்த இரைச்சலில் கேட்கவில்லை.

தெருமுனையில் மகள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அவர் ஆட்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். சைக்கிள் கடைக்காரர் இருந்தார். பிள்ளைகள் இருந்தார்கள். இஸ்திரிக்காரரைக் காணோம்.

அவர் தன் கடையில்தான் இருந்தார். அடுத்தவர் துணியை விட்டுவிட்டு வர மனமில்லாமல், ஒவ்வொன்றாக மடித்து மூட்டையில் வைத்துக்கொண்டிருந்தார். கூப்பிட்டவர்களைப் பார்த்துக் கையை உயர்த்தி, "வரேன், வரேன். அப்படியெல்லாம் ஒண்ணும் ஆகாது. அமைச்சர் எவ்வளவு தெளிவா சொன்னாரு" என்றார்.

கதவைத் தட்டியது கடைசியில் உள்ளே கேட்டதோ என்னவோ, அப்போது மோட்டார் நின்றது. வழிகுழாயில் ஒரு சொட்டு இல்லை. தெரு முழுக்க ஒரு கணம் அமைதி. அந்த அமைதிக்குள் தூணிலிருந்து நறநறவென்று வந்த சத்தம் மைக்செட்காரர் காதில் மட்டும் விழுந்தது. அது நின்றது, மூச்சு வாங்கியது போல.

அவர் மகளின் கையை விடுவித்துக்கொண்டு இஸ்திரிக்கடையை நோக்கி ஓடினார்.