கிராஸ் கட் இறக்கை

என் பீரோவின் மேல்தட்டில், புடவைகளுக்கு அடியில், நாலாக மடித்த பழுப்புக் காகிதம் ஒன்று இருக்கிறது. பிரித்துப் பார்ப்பவர்கள் ரவிக்கைக்கு வெட்டிய அளவு என்றுதான் நினைப்பார்கள். அது ஒரு விமான இறக்கைக்கு வெட்டியது. நடுவில் பென்சிலால் சாய்வாக ஓர் அம்புக்குறி. அந்த அம்பு மட்டும் இல்லையென்றால் எழுபதுகளின் கடைசியில் என் ஆராய்ச்சி குப்பைக்கூடைக்குப் போயிருக்கும். அந்த அம்பைப் போட்டவர் எங்கள் வரைபடப் பிரிவின் டிரேசர் அக்கா.

டிரேசர் என்றால் இன்று பலருக்குத் தெரியாது. இன்ஜினியர் பென்சிலில் வரைந்ததன் மேல் ஒளி ஊடுருவும் தாளை விரித்து, மையால் அப்படியே பிரதி எடுக்கும் வேலை. அக்காவுடையது செகந்திராபாத்தில் இரண்டு தலைமுறையாக இருந்த தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பம். என்னைவிட மூன்று வயதுதான் மூத்தவர். நான் அதிகாரி என்பதால் "மேடம்" என்பார், ஆனால் என் கோணல் கோடுகளைப் பார்த்து உதட்டைப் பிதுக்கவும் தயங்கமாட்டார்.

செகந்திராபாத்தை அடுத்த பாலாநகர் பக்கம் இருந்த ஆய்வுக்கூடத்தில், பறக்கும்போதே வடிவம் மாறும் இறக்கை ஒன்றைச் செய்துகொண்டிருந்தேன். பருந்து வேகமாக இறங்கும்போது இறக்கையை முழங்கையில் மடக்கிக்கொள்ளுமே, அப்படி. உள்ளே இருந்த அலுமினிய எலும்புகள் ஒழுங்காக மடங்கின. மேலே போர்த்திய துணிதான் மானத்தை வாங்கியது. மடக்கினால் மூட்டில் சுருக்கம் விழும். காற்றுச் சுரங்கத்தில் வைத்துப் பெரிய விசிறியை ஓட்டினால் அந்தச் சுருக்கம் படபடவென்று அடித்துக் கிழியும். இரண்டு முறை கிழிந்தாயிற்று. மூன்றாவது சோதனை டில்லியிலிருந்து வரும் குழுவின் முன்னால். அதிலும் கிழிந்தால் திட்டத்துக்கு மூடுவிழா என்று மேலதிகாரி சொல்லிவிட்டார்.

வரைபடம் வாங்க வந்த அக்கா, மேஜையில் கிடந்த கிழிசலை எடுத்து இழுத்துப் பார்த்தார்.

"ஏன் மேடம், துணிய நேரா வெட்டியிருக்கீங்க?"

"வேற எப்படி வெட்டறது?"

"நீங்க போட்டிருக்கிற ப்ளவுஸ் கிராஸ் கட்தானே? சாய்ச்சு வெட்டினா துணி இழுத்துக் கொடுக்கும். கையத் தூக்கினாலும் சுருக்கம் விழாது. இதுவும் கைதானே?"

"சாய்ச்சு வெட்டினாப் போதுமா?"

"ஹவ் மேடம், போதும்." ஹவ் என்றால் அந்த ஊர்ப் பேச்சில் ஆமாம்.

நான் குனிந்து என்னையே பார்த்துக்கொண்டேன். பெரிய படிப்பெல்லாம் படித்துவிட்டு, விடையைத் தினமும் கொக்கி மாட்டிக்கொண்டு ஆபீசுக்கு வந்திருக்கிறேன்!

அன்றைய சாப்பாட்டு இடைவேளையில் பழுப்புக் காகிதத்தில் அளவு வெட்டினார், இழை ஓட வேண்டிய திசைக்கு அம்பு போட்டார். அந்த அளவில் தைத்த துணியோடு டில்லிக் குழுவின் முன்னால் இறக்கை மடங்கியது, விரிந்தது, மறுபடி மடங்கியது. துணி தோல்போல ஒட்டி நின்றது. "இந்த யோசனை எப்படி வந்தது?" என்று தலைவர் கேட்டார். சுற்றிலும் ஆண்கள். ப்ளவுஸ் என்ற சொல் தொண்டையை விட்டு வெளியே வரவில்லை. வெளிநாட்டுக் கட்டுரை ஒன்றில் படித்தேன் என்று வாய் கூசாமல் சொன்னேன். அவருக்கு மிகுந்த திருப்தி.

அந்தப் புது இறக்கையின் வரைபடத்தையும் அக்காதான் மையில் எடுத்தார். மூலையில் இருந்த கட்டங்களில், வடிவமைத்தவர் என்ற இடத்தில் என் பெயரை அழகாக எழுதினார். தன் பெயரைப் பிரதி எடுத்தவர் கட்டத்தில் போட்டுக்கொண்டார். நான் சொன்ன பொய்யை அவரிடம் ஒப்புக்கொண்டபோது சிரித்துவிட்டார். "நக்கோ மேடம், வருத்தப்படாதீங்க. சொல்லியிருந்தா எல்லாரும் இறக்கைய விட்டுட்டு உங்க முதுகத்தான் பாத்திருப்பாங்க." நானும் சிரித்தேன். எனக்கு அது வசதியாக இருந்தது.

அந்த இறக்கை கடைசிவரை வானத்தில் ஏறவில்லை. ஆனால் எனக்குப் பதவி உயர்வும் பெயரும் அதன்மூலம்தான் வந்தன. என் உத்தியோக வாழ்க்கையில் யாருக்காவது முதலில் நன்றி சொல்ல வேண்டுமென்றால் அக்காவுக்குத்தான். அதைச் சபையில் ஒருமுறைகூட நான் சொன்னதில்லை என்பது இன்றும் உறுத்துகிறது.

போன மாதம் அந்தக் காகிதத்தை எடுத்து, மூலையில் பேனாவால் இரண்டு கட்டங்கள் போட்டேன். அல்வாலில் மகன் வீட்டில் இருக்கும் அக்காவிடம் கொண்டுபோனேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்த உடனே உதட்டைப் பிதுக்கினார்.

"இத்தனை வருஷம் ஆகியும் கோடு இப்படியா இழுப்பீங்க?"

பிறகு கட்டங்களைப் படித்தார். வடிவமைத்தவர்: அவர் பெயர். பிரதி எடுத்தவர்: என் பெயர்.

"மை காஞ்சிருச்சா மேடம்?"

"காஞ்சிருச்சுக்கா."

அதற்குப் பிறகுதான் தன் பெயரின் மேல் விரலை வைத்தார்.