வசந்தா அக்காவுக்குத் தூரமாம்!

இந்த ஆடியில் எங்கள் தெரு அம்மனுக்குக் கூழ் ஊற்றினோம். சேவூரில் எங்கள் தெருவுக்கு அது பெரிய விசேஷம். அன்றைக்குத் தறிகளுக்கெல்லாம் லீவு. வேப்பிலையும் மேளமுமாகத் தெருவே அமர்க்களப்படும்.

கூழ்ப் பானையை முதலில் தூக்குவது எதிர்வீட்டு வசந்தா அக்கா. பட்டுத் தறி நெய்கிறவர். ஐம்பதைத் தாண்டியவர். நாலு தெருவுக்குக் கேட்கிற குரல். அவர் வந்து கூப்பிடாமல் அம்மனே வெளியே வரமாட்டாள் என்று நாங்கள் கேலி செய்வோம்.

அன்றைக்கு நாங்கள் எல்லோரும் ரெடி. அக்கா மட்டும் வாசலைத் தாண்டவில்லை. என்னைக் கிட்டே வரச் சொல்லிச் சைகை காட்டினார். காதோடு சொன்னார்.

"நீங்க போங்கம்மா... நான் தூரம்."

"அடடா, சரிக்கா" என்று சொல்லிவிட்டு நானும் கிளம்பிவிட்டேன். பெண்ணுக்குப் பெண், அதற்கு மேல் என்ன கேட்பது?

கோயிலில் நின்று எல்லோருக்கும் கூழை மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது. தூரமா? அக்காவுக்கா? அவருக்கு நின்று இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறதே!

நின்றதை எங்களிடமெல்லாம் சொல்லிச் சந்தோஷப்பட்டவர் ஆயிற்றே. "இனிமே எந்த நாள்ல வேணா கோயிலுக்கு வருவேன், எவ கேப்பா?" என்று சவால் விட்டவர்.

கரண்டியைப் பக்கத்தில் நின்ற எங்கள் தெரு ரேவதியிடம் கொடுத்துவிட்டு அக்கா வீட்டுக்கு ஓடினேன்.

ஓடும்போதே எனக்கு என் மேல் கோபம். பாருங்களேன்... ரத்தம் பட்டதும் கோயிலுக்குப் போகக் கூடாது என்று அக்காவுக்கு உடனே தெரிந்துவிட்டது. டாக்டரிடம் போக வேண்டும் என்று தெரியவில்லை. சரி, அவருக்குத்தான் தெரியவில்லை. காதில் வாங்கிய எனக்கு? படித்த பெண், பத்தி எழுதுகிற பெண் — "அடடா, சரிக்கா" என்கிறேன்!

அக்கா தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தார்.

"எத்தினி நாளாக்கா?"

"எது?"

"அதான்."

முகத்தைத் திருப்பிக்கொண்டார். "சித்திரையிலேர்ந்து வருது, நிக்குது, மறுபடி வருது. எல்லாம் சூடும்மா. நாள் பூரா தறியிலயே ஒக்காந்துகினு கீறேன், சூடு புடிக்காம? வெந்தயம் முழுங்கிகினுதான் கீறேன்."

"டாக்டர் கிட்ட காட்டலியா?"

"இதுக்கா? தீபாவளி ஆர்டர் தலைக்கு மேல கீது. நல்ல நாளும் அதுவுமா பேஜார் பண்ணாத."

"போன வருஷம் இங்கயே முகாம் போட்டாங்களேக்கா. அப்பவாவது பாத்தியா?"

"பிபி பாத்தேன். சுகரு பாத்தேன். 'திரைக்குப் பின்னால வாங்க, கர்ப்பப்பை வாயையும் பாத்துடலாம்'னு நர்ஸம்மா கூப்புட்டாங்க. எனக்குத்தான் எல்லாம் நின்னு போச்சே, இனிமே அங்க பாக்க இன்னா கீதுன்னு சொல்லிட்டு ஜல்தியா வந்துட்டேன்."

எனக்குச் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. மாதவிலக்கு நின்றால் கர்ப்பப்பை ரிட்டையர்டு ஆகி, பென்ஷன் வாங்கிக்கொண்டு போய்விடுமா என்ன? நின்ற பிறகு ஒரு சொட்டு பட்டால்கூட அது தூரம் இல்லை. உடனே போய்க் காட்ட வேண்டிய விஷயம். பயப்படும்படி இல்லாமலும் போகலாம். ஆனால் அதை டாக்டர் சொல்ல வேண்டும், வெந்தயம் சொல்லக் கூடாது.

இதற்குள் அக்காவின் மருமகள் பிரியா கோயிலிலிருந்து வந்துவிட்டாள். ஆரணியில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறவள். நாங்கள் பேசியதைக் கேட்டு வாசலிலேயே நின்றாள்.

"எனக்குத் தெரியும்க்கா" என்றாள் என்னிடம். "விடிகாலையில யாரும் எழுந்துக்கறதுக்கு முன்னாடி அத்தை துணி தோச்சுகினு இருப்பாங்க. எப்பிடிக் கேக்கறது? மாமியாராச்சே. என்ன நெனப்பாங்களோன்னு..."

அக்கா நிமிர்ந்து பார்த்தார். "எனக்கும் உங்கிட்ட சொல்ல ஒரு மாதிரியா இருந்துச்சுடி."

ஒரே குளியலறை, ஒரே துணிக்கொடி. ஒருத்தி மறைக்கிறாள். இன்னொருத்தி மறைப்பதைப் பார்த்ததை மறைக்கிறாள். மரியாதை நல்லதுதான். ஆனால் உயிரைக் காவு கேட்கிற அளவுக்கா?

மறுநாள் காலை பிரியா கடைக்கு லீவு சொல்லிவிட்டாள். மூன்று பேருமாக ஆஸ்பத்திரிக்குப் போனோம். "ஆம்பள டாக்டரா இருந்தா அப்பிடியே திரும்பிடுவேன்" என்று வழியெல்லாம் மிரட்டிக்கொண்டே வந்தார் அக்கா. நல்லவேளை, பெண் டாக்டர். படுக்கச் சொன்னதும் புடவையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "இந்த வயசுல இந்தக் கண்றாவி தேவையா டாக்டரம்மா?" என்றார்.

"எத்தனை பிள்ளைங்கம்மா உங்களுக்கு?"

"ரெண்டு."

"ரெண்டும் புடவையோடவா பொறந்துச்சு?"

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் டாக்டர் பார்த்து முடித்துவிட்டார். அவர் முகத்தில் மட்டும் சிரிப்பு இல்லை. கொஞ்சம் சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்.

ரிசல்ட் வரும்வரை அக்கா தறியை விட்டு எழுந்திருக்கவில்லை. ஒரு மத்தியானம் தறிச் சத்தம் நின்றுவிட்டது. போய்ப் பார்த்தேன். நெய்யாமல் சும்மா உட்கார்ந்திருந்தார்.

"பயமா கீதும்மா."

நான் தைரியம் சொல்லியிருக்க வேண்டும். "எனக்கும் பயமா இருக்குக்கா" என்றுதான் வாயில் வந்தது. நிஜமாகவே பயந்துபோயிருந்தேன். அந்தக் குரல் இல்லாத தெருவை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. இருவரும் கொஞ்ச நேரம் கையைப் பிடித்துக்கொண்டு அழுதோம்.

கர்ப்பப்பை வாயில் புற்றுநோய்தான். ஆனால் ஆரம்பக் கட்டம். "குணப்படுத்திடலாம், தள்ளிப் போடாதீங்க" என்று பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார் டாக்டர். ஆபரேஷன் நடந்தது. ஒவ்வொரு நாளும் பிரியாதான் பக்கத்தில் இருந்தாள். தீபாவளி ஆர்டரை வேறு தறிக்காரர்கள் பங்கு போட்டு முடித்துக் கொடுத்தார்கள். வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை.

ஆனால் டாக்டர் சொன்ன ஒன்று எனக்கு இன்னும் ஆறவில்லை. இந்த நோய் திடுதிப்பென்று வருவதில்லையாம். வருஷக்கணக்கில் மெதுவாக வளருமாம். முப்பது வயதிலிருந்து அவ்வப்போது பார்த்துக்கொண்டே வந்தால், புற்றாக மாறும் முன்பே பிடித்துச் சின்ன சிகிச்சையோடு முடித்துவிடலாமாம். அந்தத் திரைக்குப் பின்னால் அக்கா முன்பே போயிருந்தால்?

இத்தனையும் பார்த்த ரேவதிக்கு எட்டாம் வகுப்பில் ஒரு மகள். இந்த நோய்க்கான தடுப்பூசி போட்டுக்கொள்ளச் சம்மதமா என்று பள்ளியில் கேட்டிருக்கிறார்கள். "இன்னும் வயசுக்கே வரல, கொழந்தைக்கு இப்போ எதுக்குக்கா?" என்கிறாள் என்னிடம். குழந்தையாக இருக்கும்போதே போட்டால்தானே ரேவதி நல்ல பலன்!

நம் கணக்கைப் பாருங்கள். வயதுக்கு வரும் முன் — இப்போ எதுக்கு? வந்த பிறகு — கல்யாணம் ஆகட்டும். கல்யாணம் ஆனால் — பிள்ளை, சமையல், வேலை, எங்கே நேரம்? எல்லாம் நின்ற பிறகு — இனிமே எதுக்கு? ஆக மொத்தம், நம் உடம்பை நாம் பார்த்துக்கொள்ள ஏற்ற வயது என்று ஒன்று கிடையவே கிடையாது. புருஷனுக்கு சுகர் டெஸ்ட் தேதி மட்டும் தப்பாமல் ஞாபகம் இருக்கும்.

ரேவதியிடம் நான் வாதாடிக் களைத்தேன். அக்கா ஒரே ஒரு தடவைதான் பேசினார். "ஊசி வலி ஒரு நிமிசம்டி. என்னைப் பாத்துட்டுமா கேக்கற?" ரேவதி சம்மதித்துவிட்டாள். பிரியாவும் டெஸ்ட் எடுத்துக்கொண்டாள். நானும்தான். ஊருக்குச் சொல்கிறவள் தான் பார்த்துக்கொண்டாளா என்று யாராவது கேட்டுவிட்டால்?

போன வாரம் அக்காவை செக்கப்புக்கு அழைத்துக்கொண்டு டவுன் பஸ்ஸில் ஆரணிக்குப் போனேன். பஸ் நிறையப் பெண்கள். பின் சீட்டிலிருந்து ஓர் அம்மா, "இன்னா வசந்தா, இப்பிடி எளச்சுட்ட?" என்றார்.

தூரம் என்பதையே காதோடு சொன்ன அக்கா, பஸ் முழுக்கக் கேட்கும்படி பதில் சொன்னார். "கர்ப்பப்பை வாயில கேன்சரு. ஆரம்பத்துலயே புடிச்சு ஆபரேஷன் பண்ணிட்டாங்க. நீ பாத்துகினியா?"

பஸ்ஸில் எல்லாத் தலையும் எங்கள் பக்கம் திரும்பியது. நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன்... கூச்சம் எனக்கு!

"எனக்குத்தான் ஒண்ணும் இல்லியே" என்றார் அந்த அம்மா.

"எனக்கும் ஒண்ணும் இல்லன்னுதான் இருந்தேன். நின்னு போனது மறுபடி வந்துச்சு, சூடுன்னு வுட்டுட்டேன்."

டிக்கெட் கொடுத்துக்கொண்டு வந்த கண்டக்டர் எங்கள் சீட்டருகே நின்றார். குனிந்து, மெதுவாகக் கேட்டார்.

"அக்கா... எங்க வூட்டுக்காரிக்கும் நின்னு போயி, இப்ப மறுபடி வருதுங்குது. எப்பக்கா கூட்டிகினு போவட்டும்?"

"எப்பவா? இப்பவே ஏத்திகினு வா. பஸ்ஸு உன்னுதுதானே!"

பஸ்ஸே சிரித்தது. கண்டக்டர் மட்டும் சிரிக்கவில்லை. அங்கேயே நின்று வீட்டுக்குப் போன் போட்டார்.