இரண்டு இளநீரும் மூன்று ஒப்புட்டும்

தொண்ணூறுகளின் நடுவில் ஓர் ஐப்பசி. வியாழக்கிழமை, காலை பதினொன்று இருபது என்கிறது என் டைரி. தொண்டாமுத்தூர்ப் பக்கம் சித்தப்பாவின் தோட்டத்தைப் பார்வையிட, மாஜிஸ்திரேட் அதிகாரமுள்ள தாசில்தார் ஜீப்பில் வந்து இறங்கினார்.

விவகாரம் வண்டித்தடம். சித்தப்பாவின் வெங்காயக் காட்டிலிருந்து ரோட்டுக்கு இருந்த ஒரே தடம் அவருடைய பங்காளியின் தென்னந்தோப்பு வழியாகப் போனது. சித்தப்பா வீட்டுக் கல்யாணப் பந்திக்குத் தன்னை முறையாகக் கூப்பிடவில்லை என்று பங்காளி தடத்தில் முள்ளை வெட்டிப் போட்டுவிட்டார். பிடுங்கிய சின்ன வெங்காயம் காட்டிலேயே குவிந்து கிடந்தது. மழை இறங்கினால் அத்தனையும் அழுகும்.

பார்வையிட்டுத் திரும்பும் வழியில் அதிகாரி பங்காளி வீட்டில் இளநீர் குடித்தார்.

"ரெண்டு, கண்ணு! ரெண்டு எளநி குடிச்சுப்போட்டு வழுக்கையும் தின்னாரு! இனி எனக்கு எங்கிருந்து நாயம் கெடைக்கும்?" என்று சித்தப்பா குதித்தார்.

எனக்குள் உற்சாகம் பொங்கியது. பத்தொன்பதாம் நூற்றாண்டு அயர்லாந்தின் சிற்றூர் நீதிமன்றங்களைப் பற்றி, உக்கடத்தில் வாங்கிய அட்டை கிழிந்த புத்தகத்தை அப்போதுதான் படித்துக்கொண்டிருந்தேன். ஊர் மாஜிஸ்திரேட் பண்ணையார் வீட்டில் விருந்துண்டு, மறுநாள் அவர் பக்கமே தீர்ப்புச் சொன்னார் என்று குடியானவர்கள் மனு எழுதிய காலம் அது. அதே தோரணையில் நானும் நான்கு பக்கம் எழுதினேன். வழுக்கைக்குத் தனிப் பத்தி.

திங்கட்கிழமை விசாரணை. தாசில்தார் என் மனுவைச் சத்தமாகப் படித்தார். பிறகு இன்னொரு மனுவை எடுத்தார். பங்காளி கொடுத்தது. சித்தப்பா வீட்டில் அதிகாரி நெய் ஊற்றி மூன்று ஒப்புட்டு, அதாவது போளி, சாப்பிட்டதாக அதில் இருந்தது. உண்மைதான். என் டைரியிலேயே இருக்கிறது. ஆனால் வந்தவருக்குச் சித்தி சாப்பாடு போட்டதைச் சலுகையென்று யார் நினைப்பார்கள்?

"வேண்டாமுன்னா உட்டீங்களா ரெண்டு பேரும்?" என்றார் தாசில்தார். "சரீங்க, யாருக்கும் என் மேல நம்பிக்கை இல்ல. கேஸைக் கோயமுத்தூருக்கு அனுப்பிடறேன். ரெண்டு மாசத்துல வேற ஆபீசர் வருவாரு."

சித்தப்பாவுக்கு வியர்த்தது. இரண்டு மாதத்தில் வெங்காயம் சேறாகிவிடும். பங்காளிக்கும் வியர்த்தது. அவருடைய கிணற்றுக் குழாய் சித்தப்பாவின் வரப்போரம் வருகிறது, புது ஆள் அதையும் கிளறுவார்.

எதிரே டீக்கடை பெஞ்சில் மூன்றாவது மனுவை எழுதினேன்: 'அதிகாரி இரு தரப்பிலும் சமமாகவே சாப்பிட்டார்.'

"எப்படிச் சமமாகுமுங்க? எளநி ரெண்டுதானே?" என்றார் பங்காளி.

"வழுக்கையச் சேத்துக்கடா, மூணாச்சு," என்றார் சித்தப்பா.

சிரிப்பில் பேனாவைக் கீழே போட்டுவிட்டேன். இருவரும் கையெழுத்திட்டார்கள். இப்படியொரு மனு அயர்லாந்தில் யாரும் எழுதியதாக அந்தப் புத்தகத்தில் இல்லை.

அன்று மாலையே உத்தரவு: தடத்தைத் திறக்க வேண்டும், அகலம் எட்டடி. மறுநாள் விடிந்ததும் பங்காளியே கவைக்கோலால் முள்ளைத் தள்ளினார்.

"உங்க பக்கம் சாஞ்சுபோட்டாருங்க," என்றார்.

"பத்தடி கேட்டேன், எட்டடிதான் குடுத்தாரு. உன்ற பக்கந்தான்டா சாஞ்சாரு," என்றார் சித்தப்பா.

முதல் தூறல் விழுந்தபோது கடைசி வண்டி ரோட்டில் ஏறிக்கொண்டிருந்தது. பின்னாலிருந்து அதைத் தள்ளியது பங்காளி.