வயிற்றில் கேட்க வேண்டிய சத்தம்

நாற்பத்தாறு வயதில் அவர் இரண்டாம் முறையாக அப்பா ஆனார். மூத்தவள் கல்லூரியில் கடைசி வருடம். இனி இந்த வீட்டில் தொட்டில் கட்டினால் அது பேரப்பிள்ளைக்குத்தான் என்று எல்லோரும் நினைத்திருந்தபோது, சொல்லாமல் கொள்ளாமல் ஒரு பையன் வந்து சேர்ந்தான். ஆஸ்பத்திரி வாசலில் இருந்த காவலாளி, "பேரனா சார்?" என்று சிரித்த முகமாகக் கேட்டார். "ஆமாங்க" என்று சொல்லிவிட்டு நடந்தார் இவர். விளக்கம் சொல்லத் தெம்பில்லை.

பையன் பகலெல்லாம் தூங்கினான், இரவெல்லாம் கத்தினான். வயிற்று வலி என்றார்கள், சூடு என்றார்கள். சில குழந்தைகள் அப்படித்தான் என்று டாக்டர் பேச்சை முடித்துக்கொண்டார். மனைவிக்கு முன்புபோல இடுப்பு சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. அதனால் இரவை ஆளுக்குப் பாதியாகப் பங்கிட்டுக்கொண்டார்கள். பாதி என்பது பேச்சுக்குத்தான். ஒருவர் தோளில் அவன் அலறும்போது மற்றவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பார்.

அவருக்கு ஒரு பெரிய சலவை ஆலையில் வேலை. ஆஸ்பத்திரிகளிலிருந்து வரும் படுக்கை விரிப்புகளை ஈரத்தோடு சூடான உருளைகளுக்குள் விட வேண்டும். மறுபக்கம் மொடமொடவென்று காய்ந்து வரும். ஒரு முனையை இவர் பிடிப்பார், இன்னொரு முனையைக் கூட்டாளி பிடிப்பார். ஊரெல்லாம் படுத்துப் புரளும் விரிப்புகளை நாள் முழுக்க நின்றபடி நீட்டிப் பிடிப்பதுதான் வேலை. வெள்ளைத் துணி கண்ணுக்கு முன்னால் போய்க்கொண்டே இருக்கும். முன்பெல்லாம் அது வெறும் துணி. பையன் பிறந்த பிறகு அதைப் பார்த்தாலே அதன்மேல் படுக்கத் தோன்றியது.

வீடு ஊரின் ஒரு கோடி, ஆலை மறு கோடி. விடிகிற நேரத்துக்கு மோட்டார் சைக்கிளை எடுத்தாக வேண்டும். இடையில் வளைவே இல்லாத புறவழிச்சாலை. ஒருநாள் அந்தச் சாலையில் பாலம் எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டே போனவர், பாலத்தைத் தாண்டி வெகுதூரம் வந்துவிட்டிருப்பதைக் கண்டார். பாலத்தின் மேல் வண்டி ஓட்டியது யார் என்று தெரியவில்லை. வண்டியை ஓரங்கட்டி, திரும்பிப் பாலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மனைவியிடம் சொல்லவில்லை. அவள் தன்னைவிடக் குறைவாகத் தூங்குகிறவள். அவளிடம் போய்த் தூக்கம் வருகிறது என்று சொல்வதற்கு அவருக்கு வெட்கமாக இருந்தது.

தூக்கத்தை விரட்டும் வழியாகத்தான் பாட்டு வந்தது. கைப்பிடியில் இரண்டு சின்ன ஸ்பீக்கர்களை வாங்கி அவரே மாட்டினார். வண்டி நிற்கும்போது கேட்டது. கிளம்பி வேகமெடுத்தால் காற்று முக்கால்வாசியைத் தின்றுவிட்டு, தகரத்தில் ஆணி கீறுவதுபோல மீதியைக் காதுக்குக் கொடுத்தது. எரிச்சலாக இருந்ததே தவிர உடம்பை உலுக்கவில்லை.

சந்தைக்குப் பின்னால் வண்டிகளுக்கு ஒலிப்பெட்டி மாட்டும் கடை ஒன்று இருந்தது. நடத்தியவள் ஒரு பெண். கழுத்தில் டார்ச், வாயில் இரண்டு திருகாணிகள்.

"சத்தம் வருதே அண்ணே, என்ன குறை?"

"காதோட நின்னுடுதும்மா. வயித்துக்குள்ள இறங்கணும்."

"பேஸா?"

"அதான். தம்முனு அடிக்கணும். அடிச்சா ஆளு திடுக்குனு நிமிரணும்."

அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். "தப்பா நெனைக்காதீங்க. இதைக் கேட்டு வர்றவனுங்க எல்லாம் மீசை முளைக்காத பசங்க. யாருக்குக் கேக்கணும், ரோட்டுல போறவங்களுக்கா?"

"எனக்குத்தான்."

அவள் திருப்புளியை எடுத்தாள். ஸ்பீக்கரைக் கழற்றிப் பார்த்ததும் சிரித்துவிட்டாள். "நீங்களே மாட்டுனதா? ஒண்ணுல வயரை மாத்திக் குடுத்திருக்கீங்க. இது வெளிய தள்ளும்போது அது உள்ள இழுக்குது. வர்ற பேஸ் நடுவுலயே செத்துப்போகுது." வயரை இடம் மாற்றி முறுக்கினாள். சத்தத்துக்கு உடனே கொஞ்சம் சதை போட்டது.

சாலைக்குப் போனதும் அதையும் காற்று தின்றது. மறு வாரம் திரும்ப வந்து நின்றார்.

"வெட்டவெளியில பேஸ் நிக்காதுண்ணே. காருன்னா சுத்தி அடைப்பு இருக்கு. இதுல என்ன இருக்கு, உங்க முதுகுதான் இருக்கு" என்றவள், வண்டியின் பக்கவாட்டுப் பெட்டியைத் தட்டிப் பார்த்தாள். அதற்குள் பேஸ் அடிக்கும் வூஃபர் ஒன்றை வைத்துக் காற்றுப் புகாமல் அடைத்தாள். இருக்கைக்கு அடியில் ஒரு ஆம்ப்ளிஃபயரைச் செருகினாள். "இன்ஜினை அணைச்சுட்டுப் பாட்டுப் போடாதீங்க. பேட்டரி படுத்துடும்."

"அதுக்காவது படுக்கக் குடுத்துவெச்சிருக்கு" என்றார் அவர்.

அந்தப் பெட்டியில்தான் அவருடைய சாப்பாடும் மழைக்கோட்டும் இருந்தன. இனி இரண்டும் கைப்பிடியில் தொங்கின.

வீட்டில் அதை யாரும் கொண்டாடவில்லை. "வீட்டுல கத்துறவன் பத்தலைன்னு வண்டிக்கும் ஒருத்தனை வாங்கிட்டு வந்திருக்கீங்களா?" என்றாள் மனைவி. மகள் கையெடுத்துக் கும்பிட்டாள். "அப்பா, தயவுசெஞ்சு எங்க காலேஜ் பக்கம் மட்டும் வந்துடாதீங்க." ஆலையில் கூட்டாளி அன்றே 'டமாரம்' என்று பெயர் வைத்துவிட்டார். "டமாரத்துக்கு இளமை திரும்புதுப்பா. சும்மாவா, கைக்குழந்தைக்காரரு!" என்று அவர் சொல்ல, இயந்திரத்தைச் சுற்றி நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். இவரும் சிரித்துவைத்தார். வயதுக்கு மீறின ஆட்டம் என்று ஊர் நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும்; ஓட்டும்போது தூங்குகிறவன் என்று தெரிவதற்கு அது எவ்வளவோ தேவலை.

முதல் சில நாட்கள் நன்றாகவே போயின. ஒவ்வொரு அடியும் தொடை வழியாக ஏறி விலாவில் வந்து முட்டியது. பாலம் வந்தது, பாலம் போனது; இரண்டையும் அவர் பார்த்தார்.

பிறகு உடம்பு பழகிக்கொண்டது. மழை முடிந்த ஒரு காலையில், பெட்டியின் அதிர்வு இருக்கை வழியாக இடுப்புக்கு ஏறி, ஒரே சீராகத் தட்டிக்கொடுக்க ஆரம்பித்தது. திடுக்கிட வைக்கும் என்று நம்பி வாங்கிய சத்தம். அது இப்போது ஆளைத் தோளில் போட்டுத் தட்டுவதுபோல இருந்தது. தகரச் சத்தமாவது எரிச்சலைக் கிளப்பி விழிக்க வைத்திருந்தது. இது ஆளை வாரிக்கொண்டது.

கண் திறந்தபோது வண்டி சாலையை விட்டிறங்கிச் சரளையில் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. பிரேக்கைப் பிடித்தார். சாலை வேலைக்குக் கொட்டியிருந்த மணல் மேட்டில் வண்டி ஒருபக்கமாய் ஏறிச் சாய்ந்தது. முழங்கை உரசி ரத்தம் வந்தது. வேறொன்றும் இல்லை. சாய்ந்த வண்டியிலிருந்து பாட்டு மட்டும் கம்பீரமாக அடித்துக்கொண்டிருந்தது.

சாலை கூட்டும் அம்மா ஒருத்தி துடைப்பத்தோடு ஓடிவந்தாள். "குடிச்சிருக்கியாப்பா?"

"இல்லம்மா. தூக்கம்."

அவள் குனிந்து அவர் முகத்தை மோந்து பார்த்தாள். நம்பினாள். "அந்த எழவை முதல்ல நிறுத்து" என்று வண்டியைக் காட்டினாள். நிறுத்தினார். "எங்க போகணும்?"

"வேலைக்கு."

"இப்படியேவா? செத்துக்கித்து வெச்சேன்னா என் ரோட்டுலதான் கெடப்ப, நான்தான் கழுவணும். அந்தச் சுவரோரமாப் படு. வண்டியை நான் பாத்துக்கறேன்."

தன் குப்பைத் தள்ளுவண்டியில் இருந்த காலிச் சாக்கை அவள் விரித்துக் கொடுத்தாள். லாரிகள் போகும் சாலையோரத்தில், பட்டப்பகலில், மாதக்கணக்கில் தூங்காத தூக்கத்தை அவர் தூங்கினார். எழுந்தபோது வெயில் மாறியிருந்தது. அந்த அம்மாள் சாலையைப் பெருக்கியபடியே வெகுதூரம் போய்விட்டிருந்தாள். அங்கிருந்தே கையை ஆட்டினாள்.

வேலைக்குப் போகவில்லை. வீட்டுக்கு வந்தார். மனைவி முழங்கையைப் பார்த்தாள், சட்டையில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்தாள்.

"என்னங்க ஆச்சு?"

சொன்னார். பாலத்தைச் சொன்னார், பேஸ் எதற்கு என்று சொன்னார், சாக்கில் படுத்ததையும் சொன்னார். அவள் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள். திட்டுவாள் என்று பார்த்தார். அவள் கண் கலங்கியபடியே சிரித்தாள்.

"போன வாரம் நான் குளியலறையில குழாயைத் திறந்துவிட்டு நின்னுக்கிட்டே தூங்கிட்டேன். பெரியவ கதவைத் தட்டித்தான் முழிச்சேன். உங்ககிட்ட சொல்லவேணாம்னு அவகிட்ட சத்தியம் வாங்கிக்கிட்டேன்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க ஏன் சொல்லல?"

மகள் வந்தபோது மனைவிதான் பேச்சைத் தொடங்கினாள். மகள் ஏற்கெனவே பாதியை அறிந்தவள். வாரத்தில் சனியும் ஞாயிறும் தம்பி தன் அறையில் என்று அவள் சொல்லிவிட்டாள். பரீட்சை இருந்தால் மட்டும் விலக்கு. ஆலை மேற்பார்வையாளரிடம் போய் நின்று, துணி மடிக்கும் பிரிவுக்கு மாற்றச் சொல்லிக் கேட்டார் அவர். அங்கே வேலை மதியம்தான் தொடங்கும். மடிப்பதை இளக்காரமாகப் பார்க்கிறவர்கள் இருந்தார்கள். கூட்டாளி, "டமாரம் என்னை அனாதையா விட்டுட்டுப் போறாரு" என்று இரண்டு நாள் புலம்பினார்.

வூஃபர் வண்டியிலிருந்து இறங்கியது. ஆளைத் தூங்கவைத்த பெட்டி குழந்தையை விடுமா என்று மகளுக்குத் தோன்ற, தொட்டிலுக்கு எதிர்மூலையில் வைத்துத் தணிவாக ஓடவிட்டுப் பார்த்தாள். சில நாள் பலித்தது. சில நாள் பையன் அதற்கும் மேலே கத்தினான். கீழ்வீட்டுக்காரர் வந்து, தன் வீட்டு மேற்கூரை முனகுகிறது என்று புகார் சொன்ன பிறகு அதையும் நிறுத்தினார்கள். வண்டியை வீட்டில் விட்டுவிட்டு, பேருந்தில் மாறி மாறி ஏறி அவர் வேலைக்குப் போனார். உட்கார இடம் கிடைத்தால் தூங்கினார். கிடைக்காவிட்டாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு பாதித் தூக்கம் தூங்கினார்.

பையன் நடக்கத் தொடங்கிய சமயம், ஒருநாள் அவரும் மனைவியும் ஒரே நேரத்தில் திடுக்கிட்டு எழுந்தார்கள். வெயில் ஜன்னல் வழியாகக் கட்டில்வரை வந்திருந்தது. வீட்டில் ஒரு சத்தமும் இல்லை.

"மூச்சு வருதா பாருங்க" என்றாள் அவள்.

அவர் தொட்டிலில் குனிந்து மூக்கருகே விரலை வைத்தார். மூச்சு சூடாக வந்தது. பையன் வாயைப் பிளந்து, கையைக் காலைப் பரப்பி, கிழவனைப்போலக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான்.

"வருது."

"அப்ப பேசாதீங்க" என்று அவள் கிசுகிசுத்தாள். "வந்து படுங்க."