உப்பளத்துக்குப் பக்கத்தில் கரி

மரக்காணத்தில் என் உப்புப் பாத்திகளின் வரப்புக்கு அந்தப் பக்கம் ஒரு பள்ளி விடுதி இருக்கிறது. பிள்ளைகள் குளிக்கிற தண்ணீரும் சமையலறைத் தண்ணீரும் வாய்க்காலில் வந்து என் வரப்போரம் தேங்கி நிற்கும். போன வருடம் வரப்பு கசிந்து அது பாத்திக்குள் இறங்கிவிட்டது. உப்பு வாங்க வந்த வியாபாரி ஒரு பிடி அள்ளி முகர்ந்தார். "இன்னாங்க இது, சாக்கடை நாத்தம் வருது?" என்று கையை உதறிவிட்டுப் போய்விட்டார். குவித்த உப்பு வரப்பிலேயே கிடந்து மழையில் கரைந்தது. நானும் மனைவியும் பார்த்துக்கொண்டு நின்றோம்.

அதனால் இந்த வருடம் விடுதிக்காரர்கள் வாய்க்கால் ஓரம் குழி வெட்டியபோது நான் சும்மா இருப்பேனா? குழிக்குள் கறுப்புத் தார்ப்பாயை விரித்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. இறால் குட்டை! வேறு எதற்கு இந்தக் கடற்கரையில் தார்ப்பாய் விரிக்கிறார்கள்?

வேலையை நடத்தியது ஒரு பொறியாளர் பெண். "இறால் இல்லீங்க. கழிவுத் தண்ணிய சுத்தம் பண்றதுக்கு. கீழ ஜல்லி, மேல மரச்சில்லு, கரி. அதுல வளர்ற கிருமிங்களே அழுக்க தின்னுடும்" என்றாள்.

"மோட்டாரு?"

"தேவையில்லீங்க."

மோட்டார் இல்லை, மருந்து இல்லை, கிருமி தின்னுமாம். எனக்கு ஏற்கெனவே காது குத்தியாயிற்று.

முதலில் சவுக்குச் சில்லு வந்தது. அது போகட்டும். மறுநாள் வேலிக்காத்தான் கரி மூட்டை மூட்டையாக வந்து இறங்கியது. வெள்ளை உப்புக்குப் பக்கத்தில் கரியைக் கொட்டுகிறவர்களை என்ன சொல்ல? கடல்காற்று எழுந்தால் தூள் எங்கே போகும்? நேராகப் போய் மூட்டைமேல் உட்கார்ந்துகொண்டேன். அந்தப் பெண் சண்டைக்கு வரவில்லை. கரியை ஊறவைத்து ஈரத்தோடு கொட்டச் சொன்னாள். அதையும் நம்பாமல் வரப்பில் வெள்ளைத் துண்டை விரித்துவைத்துச் சாயங்காலம் பார்த்தேன். மண்தான் இருந்தது, கரித்தூள் இல்லை.

குழியின் மறுமுனைக் குழாயில் முதல் தண்ணீர் டீ நிறத்தில் வந்தது.

"ஏம்மா, இதுதான் சுத்தமா?"

"மரத்தோட சாயங்க. போகப் போக தெளிஞ்சிடும்."

"அப்ப ஒரு வாய் குடி, பாக்கலாம்."

"குடிக்கறதுக்கு இல்லீங்க. சவுக்குத் தோப்புக்கு விடறதுக்கு."

வாயாலேயே ஒப்புக்கொண்டாள் பார் என்று வீட்டில் வந்து சொன்னேன். "உங்க பாத்தித் தண்ணிய நீங்க குடிப்பீங்களா?" என்று கேட்டாள் மனைவி. அவளும் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

தண்ணீர் தெளிந்தது. வரப்போரம் ஈரம் காய்ந்தது. அதுவும் எனக்கு உறுத்தியது. தினமும் குழாயடியில் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் பாத்தியில் இறங்கினேன்.

உப்பு குவித்ததும் அதே வியாபாரி வந்தார். ஒரு பிடி அள்ளி முகர்ந்தார். மறுபடியும் முகர்ந்தார். பிறகு போனை எடுத்து, "லாரிய இங்க வுடுப்பா" என்றார். மனைவி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

மனைவி விரட்டியதால் பொறியாளர் பெண்ணுக்குப் போன் போட்டேன். "உப்பு போயிடுச்சும்மா. நாத்தம் ஒண்ணும் இல்ல."

"அப்பாடா!" என்றாள். "உப்புக்காத்துப் பக்கம் நான் போட்டது இதாங்க முதல் தடவை. சரியா வருமான்னு எனக்கே சந்தேகமா இருந்துச்சு."

நல்லவேளை, இதை முன்பே சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அன்றைக்கே மண்வெட்டியோடு போய் அந்தக் குழியை மூடியிருப்பேன். இந்த வருட உப்பும் வரப்பிலேயே கரைந்திருக்கும்.