பதினொரு பேருக்கு ஒரு முகவரி

சங்கத்துக்கு ஆள் சேர்க்கிறவனைக் கண்டதும் ஊரில் எல்லாருக்கும் அவசர வேலை வந்துவிடும். கையில் படிவத்தோடு நீங்களும் எப்போதாவது அலைந்திருந்தால், நான் உங்கள் ஆள்.

ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். எழுபதுகளில் திருகோணமலை இறங்குதுறையில் குடாவின் அக்கரையில் இருக்கும் மூதூருக்குப் போகும் லாஞ்சுப் படகுக்கு டிக்கெட் கொடுத்தேன். எங்கள் தெருத் தேவராசா அப்போது சென்னையில் எம்.ஏ. படித்தான். அங்கே பல்கலைக்கழகத்தில் படிக்கும் நம் மாவட்டப் பிள்ளைகளுக்கு ஒரு மாணவர் சங்கம் தொடங்கப்போவதாகவும், விடுமுறைக்கு வருகிறவர்களை நான் சேர்த்துத் தரவேண்டும் என்றும் எழுதி, படிவங்களும் அனுப்பினான். பத்துப் பேர் சேர்ந்தால் சங்கத்தின் முதல் மலரில் என் பெயர் வருமாம். அச்சில் என் பெயரை நான் அதுவரை கண்டதில்லை.

நடுக்கடலில்

கரையில் கேட்டால் நழுவுகிறார்கள் என்று நானும் லாஞ்சில் ஏறினேன். கொட்டியாரக் குடாவின் நடுவில் யாரும் எங்கும் ஓட ஏலாது. இயந்திரச் சத்தம் ஒரே தாளத்தில் போகும். பின்னால் மலையும் கோயிலும் வெயில் மூட்டத்தில் மங்கிக்கொண்டு வரும். நான் சங்கம் கூடப்போகும் சென்னை மண்டபத்தைப் பற்றிச் சொல்லத் தொடங்குவேன். உயரமான கூரை, மெல்லச் சுழலும் மின்விசிறிகள், கதிரை கதிரையாக உட்கார்ந்து பிள்ளைகள் பேசும் நம்மூர்க் கதை. சொல்லச் சொல்ல எனக்கே அங்கே இருப்பதுபோல ஆகிவிடும்.

பௌதிகம் படிக்கும் மூதூர் நசீர் கடைசிவரை கேட்டுவிட்டு, "அண்ணன், அந்த மண்டபத்தைக் கண்டிருக்கிறியளோ?" என்றான். இல்லை என்றேன். பேனையை வாங்கினான். "காணாத ஆளே இவ்வளவு சொல்லுறியள் எண்டால், என்னைச் சேருங்கோ."

வெருகல் ஐயா

சென்னையில் படிக்கும் வெருகல் கமலாவைத் தகப்பன்தான் கூட்டிக்கொண்டு போய்வருவார். வயல் செய்யும் கமக்காரர். படிவத்தைத் தலைகீழாகப் பிடித்து நெடுநேரம் பார்த்தார். "சங்கம் எண்டால் கொடி பிடிக்கவேணுமோ தம்பி?"

"இல்லை ஐயா. பிள்ளைக்கு அங்க காய்ச்சல் வந்தால் கஞ்சி வைச்சுக் குடுக்க நாலு பேர் இருப்பினம்."

அவர் வெற்றிலையைக் கடலில் துப்பிவிட்டு யோசித்தார். "அப்ப முதல்ல என்ரை பேரை எழுதும். பிறகு பிள்ளையின்ரை."

வீட்டு முகவரி

வெருகல் ஐயாவை விட்டு, பதினொரு பிள்ளைகள் சேர்ந்தார்கள். படிவத்தில் வீட்டு முகவரி எழுத ஓரிடம் இருந்தது. அக்கரைக் கிராமங்களுக்குத் தபால் போய்ச்சேர நாள்கணக்காகும். அதனால் அங்குள்ளவர்கள் அவசரக் கடிதங்களை இறங்குதுறைக்கு, என் பெயரிட்டு அனுப்பச் சொல்வார்கள். நான் லாஞ்சில் கொடுத்துவிடுவேன். அது அங்கத்தைய வழக்கம். பதினொரு பேரும் யோசிக்காமல் அதையே எழுதினார்கள்.

எல்லாருக்கும் ஒரே முகவரியோ என்று எனக்குச் சின்னச் சந்தேகம் வந்தது. கமலா சிரித்தாள். "எங்கட வீட்டைத் தபால்காரருக்குத் தெரியாது அண்ணன். உங்களைத் தெரியும்."

தேவராசாவின் கடிதம்

மாதக்கணக்காகக் காத்திருந்தேன். ஒவ்வொரு தபாலிலும் மலர் வரும் என்று நினைத்தேன். வந்தது ஒரு கடிதம். படிவங்களைத் தள்ளிவிட்டானாம். இல்லாத பிள்ளைகளின் பெயரை நானே எழுதி, கையெழுத்தும் போட்டேனாம். அந்தக் கடிதம் இன்றும் என் அலுமாரியில் இருக்கிறது. ஒரு வரி மனப்பாடம்: "பதினொரு பேரும் ஒரே வீட்டிலோ? படிக்காத ஆளிட்டைக் குடுத்தது என்ரை பிழை."

மண்டபம்

அடுத்த விடுமுறையில் நசீர் லாஞ்சைக்கூடப் பாராமல் நேரே என்னிடம் வந்தான். தொடக்கக் கூட்டத்துக்கு எங்கள் பிள்ளைகள் எல்லாரும் போயிருக்கிறார்கள். தேவராசா மேடையில் நின்று, ஆள் சேர்க்கச் சொன்னால் ஊரில் எப்படி ஏமாற்றுகிறார்கள் என்று பகிடியாக அந்த முகவரியை வாசித்திருக்கிறான். சபை சிரித்ததாம். நசீர் எழுந்து நின்றான். பிறகு கமலா. பிறகு அங்கொருவர் இங்கொருவராகப் பதினொரு பேரும். சிரிப்பு நின்றுவிட்டது.

"நீங்கள் எல்லாரும் ஒரே வீடோ?" என்று தேவராசா கேட்டானாம்.

கமலாதான் பதில் சொன்னாளாம். "ஓம். வாசலிலை கடல் இருக்கு. எங்கட கடிதமெல்லாம் அங்கதான் வரும்."

மலர் வந்தது, என் பெயரும் வந்தது, மன்னிப்பு மட்டும் வரவில்லை. ஆகவே நான் ஒருநாளும் போகாத அந்த மண்டபத்தில், கண்ணை மூடும்போதெல்லாம் என் பதினொரு பேருக்கும் கதிரை கிடைக்கிறது, தேவராசா மட்டும் இன்றுவரை நின்றுகொண்டே இருக்கிறான்.